கண்டிக்கு வரும் அதிவேகப் பாதையும் கட்டுகஸ்தோட்டைப் பாலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஸ்ஸுக்குள்ளும், மரக்கறிக் கடை வாசலிலும், பாடசாலை வானுக்குப் பிள்ளைகளோடு காத்து நிற்கும் சந்தியிலும் மத்திய அதிவேக நெடுஞ்சாலை பற்றிப் பலர் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பொறியியலாளர் இல்லை. கண்டியின் வடக்கு வாசலில் மகாவலியின் மேல் நிற்கும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தினமும் கடந்து வேலைக்குப் போய்வருகிற ஆள். ஆனால் இந்தப் பாதை நம் வாழ்க்கையை மாற்றப்போகிறது என்பதால் சட்டத்தையும் வரைபடத்தையும் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறோம்?

கடவத்தையில் தொடங்கி மீரிகம, குருநாகல் ஊடாகத் தம்புள்ளை வரை போவதற்குத் திட்டமிட்ட பாதை இது. குருநாகலுக்கு முன்னால் பொத்துஹெரவில் ஒரு கிளை பிரிந்து, ரம்புக்கனை வழியாகக் கலகெதர வரை வரும். அந்தக் கிளையின் நீளம் ஏறத்தாழ 32 கிலோமீட்டர். மலைநாட்டுக்கு வரும் பகுதி அதுதான்.

மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான சுமார் 40 கிலோமீட்டரை 2022 ஜனவரி 15ஆம் திகதி திறந்தார்கள். கொழும்புப் பக்கத்துத் துண்டான கடவத்தை–மீரிகம, சீன எக்சிம் வங்கிக் கடனில் நடந்த வேலை. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் போனதும் அந்த வேலையும் தூண்களோடு நின்றது. 2025 செப்டம்பரில் மறுபடி தொடங்கினார்கள். அதனால்தான் நடுத்துண்டில் வாகனம் ஓடிக்கொண்டிருக்க, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பாதை இல்லாமல் இருந்தது.

அப்படியென்றால் கண்டி வரைக்கும் வருமா?

வராது. கண்டிக் கிளை கலகெதரவில் முடிகிறது. அங்கிருந்து கண்டி நகரத்துக்கு இன்னும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அதுவும் பழைய குருநாகல் வீதியில், வளைவும் இறக்கமுமாக. "கண்டிக்கு ஹைவே வருது" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. பாதை எங்கே தொடங்குகிறது என்று கேட்பவர்கள் நிறைய. எங்கே முடிகிறது என்று கேட்டால்தான் நம் ஊருக்கு என்ன நடக்கும் என்பது தெரியும்.

பாதை வந்தால் கண்டி நெரிசல் குறையுமா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கண்டி ஒரு சட்டிக்குள் இருக்கிற ஊர். ஒரு பக்கம் ஹந்தானை, இன்னொரு பக்கம் பைரவகந்த, நடுவே உடவத்தகெலே காடு. மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் வாகனத்துக்குப் பெரிய வாசல் மூன்றுதான்: மேற்கே பேராதனை, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னேகும்புர. எந்த வாசலால் வந்தாலும் உள்ளே போய்ச் சேருவது அதே நாலைந்து தெருக்களில். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்த பிறகு, மாளிகைக்கு முன்னால் போகும் வீதியை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். அந்த வீதியில் ஓடியவையெல்லாம் அன்றிலிருந்து வாவியைச் சுற்றித்தான் போகின்றன.

இப்போது கலகெதரவில் இறங்கும் காரை நினைத்துப் பாருங்கள். அது குருநாகல் வீதியால் கட்டுகஸ்தோட்டைக்கு வரும். குருநாகல் வீதியும், மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் சேருவது அங்கேதான். அக்குறணையிலிருந்து வரும் பஸ், மாத்தளையிலிருந்து வரும் லொறி, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற நுவரெலியா லொறி எல்லாமே அந்தச் சந்தியில் ஏற்கெனவே நிற்கின்றன. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். பாலம் தாண்டினால் மகியாவ ஏற்றம். பாடசாலை விடுகிற நேரத்தில் அந்த ஏற்றத்தில் வாகனம் நகர்வதை நகர்வு என்றே சொல்ல முடியாது.

கொழும்பிலிருந்து கலகெதர வரை ஒன்றரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் 20 கிலோமீட்டருக்கு இன்னொரு ஒன்றரை மணித்தியாலம் போனால், பயணம் சுருங்கியது யாருக்கு? அவருக்கும் சுருங்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற நமக்கோ வரிசை நீண்டுவிட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழும்பு–கண்டி பழைய வீதியில் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் இந்தப் பக்கம் மாறுவார்கள். அதனால் மாவனெல்லை, கடுகண்ணாவ, பேராதனை, கெட்டம்பே பக்கத்தில் பாரம் குறையலாம். அது அந்த ஊர்களுக்கு உண்மையான நன்மை. ஆனால் ஒரு வாசலில் குறைந்தது மறு வாசலில் வந்து சேருகிறது. கண்டி என்ற சட்டிக்குள் இடம் கூடவில்லை.

நீங்கள் பாதைக்கு எதிரியா?

இல்லை. கொழும்பில் கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்த அம்மாவை, விடிய ஒரு மணிக்கு எழுப்பி வானில் ஏற்றியவன் நான். பாதை வேண்டும். கலகெதரவில் நிறுத்திவிட்டு "வேலை முடிந்தது" என்று நாடா வெட்டக்கூடாது என்பதுதான் என் வாதம். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைக் கடக்க இன்னொரு வழி, கன்னொருவைப் பக்கமாகப் பேராதனைக்கு இறங்கும் குறுகிய உள்வீதிகளுக்கு ஒரு ஒழுங்கு, நகருக்கு வெளியே வாகனத்தை விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ உள்ளே வர ஒரு தரிப்பிடம் ஆகியவை பாதையோடு சேர்ந்தே வர வேண்டும். பாதை திறந்து பத்து வருஷம் கழித்து வந்தால் போதாது.

ஹட்டன், நுவரெலியா, பதுளை ஆட்களுக்கு இதனால் என்ன பயன்?

ஹட்டன் ஆட்களுக்கு மிகக் குறைவு. ஹட்டனிலிருந்து கொழும்பு போகும் பஸ், கினிகத்தேனை, அவிசாவளை வழியாக ஏ7 வீதியில் போகிறது. அந்த வழியை இந்தத் திட்டம் தொடவே இல்லை. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, கம்பளை, பேராதனை என்று இறங்குகிறவர்களுக்கும் கலகெதர சுற்றுவழிதான்.

எனக்கு மனம் பொறுக்காத இடம் இது. மலையக மக்கள் உயிரை விடுகிற பாதைகள் வேறு. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் ஒரு பஸ், வானோடும் ஓட்டோவோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே வருஷம் செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், 15 பேர். நீண்ட இறக்கத்தில் சூடேறும் பிரேக், சாரதியின் களைப்பு, அளவுக்கு மேல் ஏற்றிய ஆட்கள், பள்ளத்துப் பக்கம் பலமான தடுப்பு இல்லாமை என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மலைவீதியின் விளிம்பில் இரும்புத் தடுப்பு போடவும், பிரேக் பிடிக்காத வாகனம் ஏறி நிற்க மணல்மேடு அமைக்கவும் அதிவேக நெடுஞ்சாலைக்கு ஆகிற செலவில் ஒரு துளி போதும். பெரிய பாதைக்குப் பணம் ஒதுக்கும்போது இதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் அதில் போகலாமா?

முடியாது. இரண்டுக்கும் தடை. நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இந்த இரண்டில் ஒன்று என்பதால், நமக்குப் பயன் கிடைக்க வேண்டுமென்றால் அது பஸ் மூலமாகத்தான். கலகெதர நுழைவாயிலில் பஸ் நிறுத்தம் எங்கே, அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைக்கும் மாத்தளைக்கும் இணைப்பு பஸ் உண்டா என்பதை இப்போதே கேளுங்கள்.

மலையை வெட்டினால் மண்சரிவு வராதா? இந்தப் பயம் நியாயமானதா?

நியாயமானது. 2025 நவம்பர் 22ஆம் திகதி பஹல கடுகண்ணாவில் கல்லும் மண்ணும் வீதியோரக் கடையின் மேல் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டது. ஒரு கிழமை ஆகவில்லை, டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் சரியாத பக்கம் குறைவு. ரயில் பாதை அந்தரத்தில் தொங்கியது. அந்த நாட்களில் கண்டியிலிருந்து வெளியே போகவும் உள்ளே வரவும் வழி தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

மலைச்சரிவு நிற்பது அதன் அடிவாரத்தின் பலத்தில். பாதைக்காக அடிவாரத்தை வெட்டினால் மேலே இருக்கும் மண்ணுக்குப் பிடிமானம் குறைகிறது. ஆனால் பெரும்பாலும் மண்ணைத் தள்ளிவிடுவது தண்ணீர்தான். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, மண்ணின் பாரத்தைக் கூட்டி, துகள்களுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. அதனால் வெட்டிய சரிவுக்குத் தாங்குசுவர் மட்டும் போதாது. மேலே தண்ணீர் வடிய கான் வேண்டும், சுவருக்குப் பின்னால் தண்ணீர் வெளியேறத் துளை வேண்டும், கீழே அந்தத் தண்ணீர் போய்ச் சேர ஓடை வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் ஒழுங்கையிலேயே நடந்தது. சில வருஷங்களுக்கு முன் மேல் வீதியை அகலமாக்கினார்கள். அழகான வீதி, வெள்ளைக் கோடு எல்லாம் போட்டார்கள். பக்கத்துக் கானின் தண்ணீரை ஒரு மதகு வழியாகத் திருப்பி நேராக எங்கள் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கு மேல் விட்டுவிட்டுப் போனார்கள். முதல் பருவமழைக்கே அந்த அக்காவின் வாழைத்தோட்டம் அடுக்களைக் கதவடியில் வந்து நின்றது. நல்ல வேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு இருந்து எந்த வீதி வேலையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது "தண்ணீர் எங்கே போகிறது?" என்பதைத்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். வீட்டுக்கு மேலே புதிதாக வெட்டிய சரிவு இருந்தால், நான் 75இலேயே பிள்ளைகளையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

சுற்றாடல் அறிக்கையை நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1993 ஜூன் 24ஆம் திகதிய வர்த்தமானியின்படி, 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகளுக்குச் சுற்றாடல் அங்கீகாரம் கட்டாயம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதிலிருந்து 30 வேலை நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். காணிக்காரராக இருக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் வாங்கிய பிறகு திட்டத்தில் மாற்றம் செய்வதானாலும் அங்கீகாரம் கொடுத்த நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். பாதை உங்கள் பக்கம் நகர்ந்திருந்தால் "அறிக்கையில் இருந்த கோடு இதுதானா?" என்று கேளுங்கள்.

அறிக்கை தடிப்பாக இருக்கும். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயர் வரும் பக்கங்கள், வடிகால் பற்றிய பகுதி, வெட்டிய மண்ணைக் கொட்டும் இடங்களின் பட்டியல், இந்த மூன்றையும் பாருங்கள். கொட்டும் மண் ஓடையில் விழுந்தால் கீழே இருக்கும் ஊருக்கு வெள்ளம். பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் கடைக்குள் தண்ணீர் பார்க்கிற அக்குறணை வியாபாரிகளுக்கு ஓடை அடைபட்டால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும்.

பிரிவு 2 அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள். காணி போய்விட்டதா?

இல்லை, பதற வேண்டாம். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் பிரிவு 2 அறிவித்தல் என்பது, அந்தப் பகுதியில் ஒரு பொதுத் தேவைக்குக் காணி வேண்டும், அதற்காக அலுவலர்கள் உள்ளே வந்து அளந்து பார்க்கலாம் என்பது மட்டுமே. அதற்குப் பிறகு பிரிவு 4 அறிவித்தலில் ஆட்சேபம் தெரிவிக்க இடம் உண்டு. பிரிவு 5இல்தான் காணி தேவை என்ற முடிவு வர்த்தமானியில் வரும். பிரிவு 7இல் உரிமை கோரச் சொல்வார்கள், பிறகு விசாரணை, கடைசியில் பிரிவு 17இன் கீழ் நட்டஈட்டுத் தீர்மானம்.

ஒரு எச்சரிக்கை. அவசரம் என்று கருதினால் பிரிவு 38இன் கீழ் விசாரணை முடியும் முன்னரே காணியைக் கையேற்க முடியும். வீதித் திட்டங்களில் இது வழக்கமாகப் பயன்படுகிறது. அதனால் "பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

நில அளவையாளர் வரும் நாளில் வீட்டில் பெரியவர் ஒருவராவது இருங்கள். கிணறு, மலசலகூடம், கட்டிய மதில், பலா மரம், மிளகுக் கொடி, கோப்பி, கராம்பு என்று ஒவ்வொன்றையும் காட்டிக் குறிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே போனில் படம் எடுங்கள். உறுதி இன்னும் தாத்தாவின் பெயரில் இருந்தால், பங்காளிகள் எல்லோரும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். உரிமையில் பிணக்கு இருந்தால் நட்டஈடு நீதிமன்றத்தில் வைப்பிலிடப்பட்டு அங்கேயே கிடக்கும்.

தரும் நட்டஈடு போதாது. என்ன செய்யலாம்?

தீர்மானம் கைக்குக் கிடைத்து 21 நாட்களுக்குள் காணி சுவீகரிப்பு மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். நாள் தவறினால் வழி அடைபடும். உங்கள் பக்கத்தில் அண்மையில் விற்ற காணிகளின் உறுதிப் பிரதிகளைக் கையில் வைத்திருங்கள். வாய்ப்பேச்சில் "பேர்ச் இவ்வளவு போகுது" என்றால் எடுபடாது.

நாங்கள் லயத்தில் இருக்கிறோம். உறுதியே இல்லை. எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தலை குனிய வேண்டிய விஷயம் இல்லை இது. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், 1992க்குப் பிறகு பெரும்பகுதி கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. ஐந்து தலைமுறை அந்த அறைக்குள் பிறந்து வளர்ந்தாலும் தொழிலாளியின் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சுவீகரிப்புச் சட்டம் உறுதிக்காரரையே முன்னால் நிறுத்துகிறது.

ஆனால் 2001இல் அமைச்சரவை ஏற்ற தன்னிச்சையற்ற மீள்குடியேற்றத் தேசியக் கொள்கை ஒன்று இருக்கிறது. உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும், இடம்பெயர்கிறவர்களின் வாழ்க்கை முன்பைவிடக் கீழே போகக்கூடாது என்பது அதன் அடிப்படை. மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பக்கத்தில் லயங்களை விட்டு எழுந்த குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை.

அதனால் நீங்கள் அங்கே குடியிருப்பதை நிரூபிக்கும் காகிதங்களைச் சேருங்கள். வாக்காளர் இடாப்புப் பிரதி, சேமலாப நிதி இலக்கம், மின்சாரப் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வதிவிடக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். மரக்கறி போட்டிருக்கும் துண்டு நிலம், மாட்டுப்பட்டி, கோழிக்கூடு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். கணக்கெடுக்க வருகிறவர்களிடம் தோட்ட நிர்வாகம் மட்டும் பேசிவிட்டு அனுப்ப விடாதீர்கள். ஒரு லயத்துக்கு ஒரு பெண்ணும் ஒரு ஆணுமாகப் பேச ஆள் வையுங்கள். தண்ணீர் எங்கே பிடிப்பது, பிள்ளை எந்தப் பாதையால் பள்ளிக்கூடம் போகும் என்பதைப் பெண்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

புதிய இடம் கொடுத்தால், பேசி முடிக்கும் முன் மழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மண்சரிவு அபாயம் இல்லை என்ற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பாறை உடைக்கும்போது வீட்டுச் சுவர் வெடித்தால்?

வேலை தொடங்கும் முன் வீட்டின் நான்கு பக்கமும், உட்சுவர்களும், நிலமும் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் வெடிப்பையும் மறைக்காமல் எடுங்கள். ஒப்பந்தக்காரர் தரப்பு வீடுகளைப் பார்வையிட வந்தால் அந்த அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். முன்னிலைமைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் "அது பழைய வெடிப்பு" என்ற ஒற்றை வார்த்தையில் உங்களை அனுப்பிவிடுவார்கள்.

கடைகளுக்கு வியாபாரம் விழுமா?

கடுகண்ணாவ, மாவனெல்லைப் பக்கத்தில் பயணிகளை நம்பி இருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பழக் கடைகளுக்கும் விழத்தான் செய்யும். கட்டுகஸ்தோட்டையில் வாகனம் கூடும், ஆனால் நிறுத்த இடம் இல்லாமல் நிற்கும் வாகனம் வாடிக்கையாளர் ஆகாது.

கண்டிக்குச் சுரங்கப்பாதை வரும் என்றார்களே?

பல வருஷமாகப் பேச்சு இருக்கிறது. அதை நம்பி மற்ற வேலைகளைத் தள்ளிப்போட முடியாது.

நகருக்குள் இப்போதே செய்யக்கூடியது என்ன?

நிறைய இருக்கிறது, பெரிய கடன் இல்லாமலே. கண்டியில் பெயர்போன பாடசாலைகள் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் நெருங்கி நிற்கின்றன. காலை ஏழு மணிக்கும் பகல் ஒன்றரைக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு கார் என்று வந்து நிற்கிறது. பாடசாலை வான்களுக்கும் பஸ்களுக்கும் முன்னுரிமை கொடுத்து, காரில் வருகிறவர்களைச் சற்றுத் தள்ளி இறக்கச் சொன்னாலே மகியாவ ஏற்றம் மூச்சு விடும். நகரம் சட்டிக்குள் இருப்பதால் புகையும் மேலே போகாமல் உள்ளேயே தங்குகிறது. அந்தக் காற்றைச் சுவாசிக்கிறதும் அதே பிள்ளைகள்.

பஸ் நிலையங்கள் மணிக்கூட்டுக் கோபுரம், போகம்பறை என்று சிதறிக் கிடக்கின்றன. மூட்டையோடு இறங்கும் தோட்டத்து ஆச்சி ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற வீதியை இரண்டு தரம் கடக்கிறார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள குட்ஷெட்டில் பஸ்ஸையும் ரயிலையும் இணைக்கும் போக்குவரத்து மையத் திட்டம் இதற்காகத்தான். அதைச் சரியாக முடிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி ரயில். மாத்தளை ரயில் பாதை கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகத்தான் போகிறது. அதே தண்டவாளம் மறுபக்கம் பேராதனைக்கும் கம்பளைக்கும் தொடர்கிறது. நெரிசலில் நிற்கும் வீதிக்குப் பக்கத்திலேயே நாளில் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும் தண்டவாளம்! காலையிலும் மாலையிலும் அரை மணிக்கு ஒரு சிறிய ரயில் விட்டால், ஆயிரக்கணக்கானவர்கள் பாலத்தில் நிற்கத் தேவையில்லை. கலகெதரவிலிருந்து வருகிறவர்களும் கட்டுகஸ்தோட்டையில் வாகனத்தை விட்டு அதில் ஏறலாம்.

தமிழில் எழுதினால் ஏற்பார்களா?

ஏற்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகவே பிரகடனம் செய்யப்பட்டவை. கண்டியிலும் தமிழில் எழுதி, தமிழில் பதில் கேளுங்கள். சிங்களத்தில் மட்டும் வந்த படிவத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடிதத்தில் என்னதான் கேட்பது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்ததற்கு ஏற்புச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள். "நெரிசல் குறையுமா?" என்று கேட்டால் "குறையும்" என்று ஒரு சொல்லில் பதில் வரும். நான் அனுப்பப்போகும் விண்ணப்பத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

கலகெதர வெளியேறும் வாயிலிலிருந்து காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் எத்தனை வாகனங்கள் இறங்கும் என்று கணித்திருக்கிறீர்கள்? அவற்றில் எத்தனை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கும்? அந்தப் பாலத்தில் இப்போது அதே நேரத்தில் கடப்பவை எத்தனை? கலகெதரவுக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையில் எந்த இடங்களில் வீதி அகலமாகும், அதற்கான காணி யாருடையது? வெட்டப்படும் ஒவ்வொரு சரிவின் தண்ணீரும் எந்த ஓடையில் விடப்படும், அந்த ஓடையின் கீழே எத்தனை வீடுகள் இருக்கின்றன?